யார் வேண்டுமானாலும் சரிபார்ப்பதா?

மகளின் உதவித்தொகைக்காக வருமானச் சான்றை பிரிண்ட் எடுக்க, ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். "டிஜிட்டல் கையெழுத்து அண்ணாச்சி, யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம். மடியில கனமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்றார் கடைக்காரர். வரிசையில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூத்தவளுக்கு வரன் பார்த்தபோது, கல்லூரிக்கென்று கொடுத்த இதே சான்றின் நகல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தரகர் ஒருவர் கையில் இருந்தது. "நம்பரைப் போட்டுப் பார்த்துட்டோம், ஒரிஜினல்தான். வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம்" என்று நடுக்கூடத்தில் வாசித்தார். வெறும் தாளாக இருந்தால் வாய்ப்பேச்சோடு போயிருக்கும்.

எல்லோரும் சரிபார்க்க முடியாதது கையெழுத்தே இல்லையாம். அப்படியானால் வாட்ஸ்அப்பில் எதை நம்பிப் பேசுகிறீர்கள்? 2016 முதல் அங்கே இருவருக்குள் போகும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு முத்திரை விழுகிறது. அதற்கான சாவி இரண்டு போனிலும் ஒன்றுதான். நான் இடவில்லை என்பது எனக்குத் தெரியும்; ஆகவே அனுப்பியது நீங்கள்தான். மூன்றாவது ஆளிடம் அந்த முத்திரையைக் காட்டிப் பயனில்லை, நானே இட்டிருக்கலாமே! பெற்றவருக்கு உறுதி, மற்றவருக்கு வெறும் எழுத்து. தினம் நூறு முறை இதை நம்புகிறவர்கள்தான் சான்றென்றால் ஊருக்கே திறந்து வை என்கிறார்கள்.

கையெழுத்தையே இப்படி ஒருவருக்கென்று இடலாம் என்று யாகோப்சன், சாகோ, இம்பாக்லியாஸ்ஸோ என்ற குறியாக்கவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1996லேயே காட்டிவிட்டார்கள். கல்லூரியின் பொதுச் சாவியையும் சேர்த்துத் தாசில்தார் ஒப்பமிட்டால் கல்லூரிக்கு ஐயமில்லை. தரகரிடம் போனால் செல்லாது. ஏனென்றால் அதே ஒப்பத்தைக் கல்லூரியாலும் உருவாக்க முடியும். வாட்ஸ்அப் கதைதான். ஆனால் நம் 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் டிஜிட்டல் கையொப்பமோ எவர் கண்ணுக்கும் உண்மை சொல்லும்.

ஊரே சரிபார்க்க வேண்டியது பால்கோவாவை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், எங்கோ கிண்டியதை ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அதற்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. தங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையே பாஸ்வேர்டோடு ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் போட்டுவைத்திருக்கும் முதலாளிகள்கூட என் வருமானத்துக்கு வெளிப்படைத்தன்மை பேசுகிறார்கள்!

கடைக் கம்ப்யூட்டர் திரையில் என் சான்றுக்குப் பக்கத்தில் பெயர் பெயராக இன்னும் முப்பது நாற்பது சான்றுகள் கிடந்தன. என்னுடையதை அழிக்கச் சொன்னேன்.

"எதுக்கு அண்ணாச்சி? ஒரிஜினல்தானே, கிடக்கட்டும்" என்றார்.