விளையாட்டைத் திறக்கும் கருவியும் வீட்டுக் கணினியும்

விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் போன்ற தளத்தில் ஒரு கணினி விளையாட்டு தொடங்கும்போது, பயனர் எந்தெந்தப் பகுதிகளை வாங்கியிருக்கிறார் என்று விளையாட்டோடு வரும் கோப்பு ஒன்று தளத்திடம் கேட்டறிகிறது. அனுமதியற்ற திறப்புக் கருவி அந்தக் கோப்பை மாற்றி, எதைக் கேட்டாலும் வாங்கியாயிற்று என்று பதில் தரும் போலிக் கோப்பை வைக்கிறது. காசு கொடுக்காத மேலதிகப் பகுதிகள் திறந்துகொள்கின்றன.

கொழும்பில் இத்தகைய கருவிகளை நாடுவதற்குக் காரணம் வெளிப்படையானது. ஸ்டீம் இலங்கையருக்கு விலையை டொலரில் குறிக்கிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 60 டொலர் விளையாட்டின் விலை சில மாதங்களில் 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவானது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு மாணவனுக்கு அது எட்டாத தொகை. அவனுடைய ஆசையில் பிழை இல்லை. அந்த ஆசைக்குக் கொடுக்கப்படும் விலைதான் கவலைக்குரியது.

கருவியோடு வரும் முதல் அறிவுறுத்தல், வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடு என்பது. பிற மென்பொருளின் கோப்பை மாற்றும் எதையும் தடுப்பு மென்பொருள் சந்தேகிப்பது இயல்பு. ஆகவே அது பொய் எச்சரிக்கை என்று சொன்னால் நம்பத் தோன்றுகிறது. தீங்கற்ற கருவிக்கும் திருட்டு நிரலுக்கும் எச்சரிக்கை ஒன்றே. பயனரால் வேறுபாடு காண முடியாது. திருட்டு விளையாட்டுப் பிரதிகளோடு பரவிய கிராக்கோனோஷ் என்ற நிரலை 2021 ஜூனில் வைரஸ் தடுப்பு மென்பொருள் தயாரிக்கும் அவாஸ்ட் நிறுவனம் வெளிப்படுத்தியது. 2,22,000க்கும் அதிகமான கணினிகளில் புகுந்து விண்டோஸின் தடுப்பு மென்பொருளையே அகற்றிய அந்த நிரல், அக்கணினிகளின் ஆற்றலைக் கொண்டு 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மொனேரோ என்ற மெய்நிகர் நாணயத்தை ஈட்டியது.

தகவல் திருடும் நிரல்கள் இதைவிடக் கொடியவை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளக் கோப்புகளையும் அவை எடுத்துச் செல்கின்றன. அந்த அடையாளம் கைமாறினால், கைபேசிக்கு வரும் இரண்டாவது குறியீடு கேட்கப்படாமலே கணக்குக்குள் நுழைய முடியும். தொடர்மாடி வீட்டில் ஒரே மடிக்கணினியில்தான் மகன் விளையாடுகிறான், தகப்பன் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், கனடாவிலிருக்கும் சகோதரி அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதியும் கிடக்கிறது. கருவியை நிறுவியவன் ஒருவன். இழப்பவர்கள் குடும்பத்தார் எல்லோரும். பெற்றோரிடம் இது போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

ஸ்டீம் கணக்கும் நிலைக்காமல் போகலாம். ஸ்டீமில் வாங்குவது உரிமம் மட்டுமே; விதிமீறலுக்காகக் கணக்கு மூடப்பட்டால், முறையாக வாங்கியவையும் போய்விடும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பிரதியெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடுகளை முறியடிக்கும் சாதனங்களை விற்பனைக்காகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. வெளிநாட்டிலும் தண்டனை கிடைத்திருக்கிறது: நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் பூட்டை உடைக்கும் சாதனங்களை விற்ற குழுவைச் சேர்ந்த கனேடியர் ஒருவருக்கு, அமெரிக்க நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் 40 மாதச் சிறை விதித்தது. தகவல் திருடியவனைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு; அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே தெரியாதபோது அது எட்டுவது அரிது.

நிறுவிய கருவியை அழிப்பது மட்டும் போதாது. ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைக்காமல் சொல்லும் சூழல் வீட்டில் இருந்தால், வங்கிக்கு உடனே அறிவிக்கலாம். பின்னர் வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லா உள்நுழைவுகளையும் முடித்து, கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். முறைப்பாட்டை, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனம் ஏற்கிறது.