ஓட்டை தெரிந்த பிறகும் உறக்கமா?

மரக்காணம் உப்பளத்தில் பாடுபடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாத்தியின் வரப்பில் நண்டு வளை ஒன்று கண்ணில் பட்டால், உடனே மண் வைத்து அடைத்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் வளை பெரிதாகும், வரப்பு உடையும், வெயிலில் பட்ட பாடு வீணாகும்.

பாடுபட்டுச் சேர்த்த பணத்துக்கும் இன்று ஒரு வரப்பு இருக்கிறது.

வங்கிக் கணக்குகளை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். அதை இயக்கும் கட்டளைகளே "மென்பொருள்". அதை எழுதுகிறவர்கள் மனிதர்கள். ஆகவே பிழையும் இருக்கும். சில பிழைகள் ஓட்டைகளாகவே அமைந்துவிடும். திருடன் வங்கிக்கு வர வேண்டியதே இல்லை. கடல் கடந்த நாட்டில் இருந்தபடியே அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடலாம்.

கதை அல்ல, நடந்தது

2024 ஜூலைக் கடைசியில், சுமார் 300 சிறிய வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை அளிக்கும் "சி-எட்ஜ்" நிறுவனம் தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் கொள்ளை இது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் சிக்கிக்கொண்டன.

குடிசை தீப்பிடித்தால், பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள் அல்லவா? அதுபோல, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்த நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்தது. மற்ற வங்கிகள் தப்பின. ஆனால் அந்தச் சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஏ.டி.எம்.மிலும் யு.பி.ஐ.யிலும் பணம் எடுக்க, அனுப்ப முடியாமல் தவித்தார்கள். ஆகஸ்டு 1-ந் தேதிதான் சேவை திரும்பியது.

காரணம் என்ன? "கிளவுட்செக்" என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. சி-எட்ஜுடன் சேர்ந்து வேலை செய்த வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருந்த "ஜென்கின்ஸ்" மென்பொருளின் ஓட்டை வழியாகவே திருடர்கள் நுழைந்தார்கள் என்று அது கூறியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு ஜனவரி 24-ந் தேதியே வெளியாகிவிட்டது. ஆறு மாதம் கழிந்தும் ஓட்டை திறந்தே கிடந்தது!

யார் முந்துவது?

திருத்தம் வெளிவரும்போது, ஓட்டை எங்கே என்ற செய்தியும் வெளிவருகிறது. அதைக் காவல்காரனும் படிக்கிறான், கள்வனும் படிக்கிறான். 2017 மார்ச்சில் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களை மே 12-ந் தேதி "வான்னாகிரை" தாக்கியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன.

"திருத்தம் போட்டால் வேறு வேலை கெட்டுவிடுமோ" என்று பொறுப்பாளர்கள் தயங்குவது உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால், சோதித்து முடிக்கும் வரை அந்தச் சர்வரை வெளித் தொடர்பிலிருந்து பிரித்து வைக்கட்டும். முன்பே யாராவது நுழைந்துவிட்டார்களா என்றும் பார்க்கட்டும். நுழைந்திருந்தால் மறைக்கக் கூடாது. தெரிந்த 6 மணி நேரத்துக்குள் "செர்ட்-இன்" அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவிட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சர்வருக்கும் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும். வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது.

மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டுறவு வங்கியின் உறுப்பினர்கள், ஆண்டுக் கூட்டத்தில் லாபத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. "சர்வருக்குத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் போடுகிறீர்கள்? யார் போடுகிறார்?" என்றும் கேட்க வேண்டும்.

அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. வரப்பைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவும் தெரியும்.