எல்லைக் கோட்டில் நிற்கும் யாத்திரை: பொறுப்பேற்கப் போவது யார்?

புது தில்லி: ஒரு தேரோட்டத்துக்காகத் தேர்தல் தேதியையே மாற்ற தில்லியால் முடிந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி நடைபெறுவதாக அறிவிக்கப்பட்டிருந்த பாலக்காடு சட்டப்பேரவைத் தொகுதி இடைத்தேர்தலை நவம்பர் 20-ஆம் தேதிக்குத் தேர்தல் ஆணையம் ஒத்திவைத்தது. கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேர்த்திருவிழா அதே நாள்களில் வருவதால் வாக்குப்பதிவு பாதிக்கப்படும் என்று அரசியல் கட்சிகள் முறையிட்டதே இதற்குக் காரணம். வாக்காளர் என்ற நிலையில் பக்தருக்குக் கிடைத்த இந்தக் கவனம், பயணி என்ற நிலையில் அவருக்குக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதே பாலக்காடு மாவட்டத்தில், சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையே உள்ளது நல்லேப்பிள்ளி. தமிழும் மலையாளமும் ஒன்றாகப் புழங்கும் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. கிழக்கே கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. மேற்கே சென்றால் பாலக்காடு, அதற்கப்பால் குருவாயூர். கொங்கு மண்டலத்திலிருந்து குருவாயூருக்குச் செல்வோருக்கும், பாலக்காட்டிலிருந்து பழனிக்குச் செல்வோருக்கும் இந்த எல்லைப் பகுதி நுழைவாயில். விடியற்காலையில் வேனில் புறப்பட்டு, இரண்டு மூன்று கோயில்களில் வழிபட்டு, இரவுக்குள் வீடு திரும்பும் குறுகிய கால யாத்திரையே இங்கு பெருவழக்கு. தங்கும் விடுதிகளின் கணக்கில் இந்தப் பயணிகள் இடம்பெறுவதில்லை. திட்டம் தீட்டுவோரின் கணக்கிலும் அவர்கள் இடம்பெறுவதில்லை என்பதே இப்பிரச்னையின் அடிப்படை.

ஒரே நாளில் நான்கு சட்டங்கள்

சித்தூர் பகுதி முன்னர் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. அதைச் சூழ்ந்திருந்த மலபாரோ சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்தில் இணைந்தன. ஆனால், கோயில் நிர்வாகத்தில் பழைய எல்லைகள் இன்னும் அழியவில்லை.

கொச்சிப் பகுதியின் தேவஸ்வம் கோயில்களுக்கு 1950-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். மலபார் கோயில்களோ இன்றளவும் 1951-ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2008-இல் அதில் கேரளம் திருத்தம் கொண்டுவந்து மலபார் தேவஸ்வம் வாரியத்தை அமைத்தது. குருவாயூருக்கு 1978-ஆம் ஆண்டின் தனிச்சட்டம். எல்லை தாண்டிப் பழனிக்கு வந்தால், தமிழகத்தின் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். ஓரிரு நாள் பயணத்தில் ஒரு குடும்பம் இந்த நான்கு சட்டங்களின் ஆளுகையையும் கடந்து செல்கிறது. தரிசன நேரம், முன்பதிவு, வாகன நிறுத்தம், உடை விதி ஆகிய எவற்றிலும் நான்கு நிர்வாகங்களுக்கும் பொதுவான ஏற்பாடு ஏதுமில்லை.

இந்த எல்லைக்கு வரலாற்று நினைவும் உண்டு. கொங்கு நாட்டுப் படையைப் பகவதி முறியடித்ததாகக் கூறும் ஐதீகத்தை நினைவுகூர்ந்து சித்தூரில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் 'கொங்கன் படை' திருவிழா கொண்டாடப்படுகிறது. கல்பாத்தியிலோ, தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய அந்தணக் குடும்பங்களின் அக்ரஹாரங்களுக்கு நடுவே தேர் ஓடுகிறது. ஒரு கோயில் போரை நினைவூட்டுகிறது. மற்றொன்று குடியேற்றத்தை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் இரு மொழி பேசுவோரும் வந்து போகின்றனர்.

அரசமைப்புச் சட்டத்தின் இடைவெளி

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், வெளிநாட்டுப் புனிதத் தலங்களுக்கான யாத்திரை மத்தியப் பட்டியலில் 20-ஆவதாக இடம்பெற்றுள்ளது. உள்நாட்டு யாத்திரை மாநிலப் பட்டியலில் 7-ஆவதாக உள்ளது. அதாவது, மெக்காவுக்கோ மானசரோவருக்கோ செல்வோருக்கு மத்திய அரசு பொறுப்பு. பழநிக்கோ சபரிமலைக்கோ செல்வோருக்கு மாநில அரசு பொறுப்பு. ஆனால், ஒரு மாநிலத்தில் புறப்பட்டு மற்றொரு மாநிலத்தில் வழிபடுவோருக்கு எந்த மாநிலம் பொறுப்பு என்பதை இப்பட்டியல்கள் தனியாகக் கூறவில்லை.

மத்திய அரசின் திட்டங்களும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2014-15-இல் தொடங்கப்பட்ட 'பிரசாத்' திட்டத்தில் கேரளத்தின் குருவாயூரும், தமிழகத்தின் காஞ்சிபுரம், வேளாங்கண்ணியும் இடம்பெற்றன. இவை அனைத்தும் முன்னரே பெயர் பெற்ற தலங்கள். தலத்தில் வசதி செய்து தருவது திட்டத்தின் நோக்கமேயன்றி, தலத்துக்கு வரும் வழி அதன் நோக்கமல்ல. மாநில அரசு பரிந்துரைக்கும் இடத்துக்கே நிதி என்ற முறையில், இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஒரு வழித்தடத்தைப் பரிந்துரைக்க எவரும் முன்வருவதற்கில்லை.

ரயில்வே மத்திய அரசின் கையில் இருப்பதால் அங்கு நிலைமை சற்று வேறு. பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2008-இல் மூடப்பட்டு, 2015-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏழாண்டுத் தாமதம் என்றாலும், பழனி, மதுரை வழியே ரயில் தொடர்பு மீண்டும் கிடைத்தது. சாலையில் செல்வோருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வரியா, வழிமறிப்பா?

வாகன வரி மாநிலப் பட்டியலில் 57-ஆவதாக உள்ளது. அவ்வரிக்கான கோட்பாடுகளை வகுப்பதோ பொதுப் பட்டியலில் 35-ஆவதாக உள்ளது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே எல்லையில் வெளிப்படுகிறது. சுற்றுலா வாகனங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அனுமதி என்ற நோக்கில் மத்திய அரசு 2021-இலும், பின்னர் திருத்தி 2023-இலும் விதிகளை வெளியிட்டது. ஆனால், தங்கள் வரி வருவாயை விட்டுக்கொடுக்க மாநிலங்கள் தயாராக இல்லை.

2023 நவம்பரில் பத்தனம்திட்டாவிலிருந்து கோவைக்கு வந்த தனியார் பேருந்தை கோவை மாவட்டம் சாவடியில் நிறுத்தி, ஏறத்தாழ 70 ஆயிரம் ரூபாயைத் தமிழக அதிகாரிகள் வசூலித்தனர். 2025 நவம்பரில், சபரிமலை மண்டல காலம் தொடங்கவிருந்த வேளையில், கேரளத்தில் தமிழக ஆம்னி பேருந்துகளுக்குப் பெருந்தொகை அபராதம் விதிக்கப்பட்டது. அதையடுத்து கேரளத்துக்கான சேவையை ஆம்னி பேருந்து உரிமையாளர்கள் நிறுத்தினர். இதில் ஒரு மாநிலத்தை மட்டும் குறைகூறுவதற்கில்லை. இரு தரப்பும் ஒரே ஆயுதத்தையே கையாள்கின்றன.

சோதனைச் சாவடிகளின் நிலையும் கவனத்துக்குரியது. 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்தின் மோட்டார் வாகனச் சோதனைச் சாவடிகளில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறை திடீர் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றியது. சரக்குகளுக்கான வணிக வரிச் சாவடிகள் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அகன்றன. பயணிகளுக்கு அத்தகைய விடுதலை கிட்டவில்லை. ஓர் எல்லையைக் கடப்பது தேங்காய் மூட்டைக்கு எளிது, அதை உடைக்கச் செல்லும் பக்தருக்குக் கடினம் என்ற நிலை.

ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கும் கோயில்

எல்லைத் தகராறு ஒரு கோயிலை என்ன செய்யும் என்பதற்கு, தெற்கே இடுக்கி-தேனி எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சான்று. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எழுப்பிய கோட்டம் இதுவே என்பது தமிழகத்தில் பரவலாக நிலவும் நம்பிக்கை. சிதைந்த கற்றளியாக நிற்கும் இக்கோயிலில் சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டுமே வழிபாட்டுக்கு அனுமதி. அதுவும் பகற்பொழுதில் மட்டும்.

கோயில் தங்கள் எல்லைக்குள் இருப்பதாகத் தமிழகத் தரப்பு பழைய நில அளவைகளைச் சுட்டிக்காட்டுகிறது. 1978-இல் அறிவிக்கப்பட்ட பெரியாறு புலிகள் காப்பகப் பகுதி இது என்று கேரளம் கூறுகிறது. குமுளியிலிருந்து ஜீப் செல்லும் பாதை கேரள வனத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. தமிழகத்தின் பளியன்குடியிலிருந்து செல்வோர் மலைமேல் நடந்தே ஏற வேண்டும். ஆண்டுதோறும் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கு ஏற்பாடு செய்கின்றனர். குடிநீர், மருத்துவ முகாம், பிளாஸ்டிக் தடை, காவல் என அனைத்தும் அன்று கூட்டாக நடைபெறுகின்றன. மறுநாள் பழைய நிலை திரும்பிவிடுகிறது.

புலிகள் காப்பகத்தில் கூட்டத்துக்கு வரம்பு வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. காட்டுக்குள் நாள்தோறும் ஜீப்புகள் ஓடுவதை எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால், வரம்பு விதிப்பது வேறு. எல்லைப் பிரச்னை தீராததால் கோயிலின் பராமரிப்பே கேள்விக்குறியாவது வேறு. முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தின் நிழலும் விழுவதால், இங்கு ஒரு கல்லைச் சீரமைப்பதுகூட உரிமைப் பிரச்னையாகிவிடுகிறது.

உயிர்கள் கேட்கும் கேள்வி

இப்பிரச்னை வசதிக்குறைவோடு முடிவதில்லை. 2011 ஜனவரி 14-ஆம் தேதி மகரஜோதி தரிசனம் முடித்துத் திரும்பியபோது, இடுக்கி மாவட்டம் புல்மேட்டில் ஏற்பட்ட நெரிசலில் நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரில் பெரும்பாலானோர் தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து சென்றவர்கள். 1999-ஆம் ஆண்டு அதே ஜனவரி 14-ஆம் தேதி பம்பையில் நிகழ்ந்த நெரிசலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் விபத்தின் பாடம் இரண்டாவதைத் தடுக்கவில்லை.

2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து ஊர் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வாகனம் குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்து 8 பேர் பலியாயினர். எல்லையை ஒட்டிய அந்த மலைச்சாலையில் இரவில் ஓய்வின்றி வாகனம் ஓட்டுவோர் எத்தனை பேர் என்பதை இரு மாநிலங்களும் சேர்ந்து கணக்கிடுவதில்லை. விடுமுறை குறைவு, விடுதிச் செலவு அதிகம் என்பதால் ஒரே நாளில் திரும்பிவிட நினைப்பவர்களே இந்த ஆபத்துக்கு அதிகம் உள்ளாகின்றனர். ஓட்டுநர்களுக்கான ஓய்விடங்கள், மலைச்சாலையில் இரவு நேரக் கட்டுப்பாடு, இரு மொழியிலும் எச்சரிக்கைப் பலகைகள் ஆகியவை எல்லையின் இருபுறமும் ஒன்றுபோல் அமைந்தால்தான் பயன் தரும்.

மன்றம் உண்டு, மனம் உண்டா?

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தென் மண்டலக் கவுன்சில், எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்து ஆகிய மூன்றையும் விவாதிக்கலாம் என்று அச்சட்டத்தின் 21-ஆவது பிரிவு கூறுகிறது. எல்லைப்புற யாத்திரையில் இந்த மூன்றுமே அடங்கியுள்ளன. மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான இக்கவுன்சில் 2021-இல் திருப்பதியிலும், 2022-இல் திருவனந்தபுரத்திலும் கூடியது. பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே கொண்ட அமைப்பு என்றாலும், இரு முதல்வர்களையும் ஒரே மேசையில் அமர்த்தும் வாய்ப்பு அதற்கு உண்டு. குறிப்பிட்ட திருவிழா நாள்களுக்குச் சுற்றுலா வாகன வரியில் பரஸ்பர விலக்கு, மங்கலதேவி கோயிலுக்கு ஆண்டு முழுவதும் இயங்கும் கூட்டுக் குழு ஆகியவற்றைக்கூட அங்கு பேசித் தீர்க்க முடியாது என்பதற்கில்லை.

இரு மாநிலங்களும் ஒத்துழைக்கவே முடியாது என்று கூறுவோர் நல்லேப்பிள்ளிப் பகுதியின் வயல்களைப் பார்க்கலாம். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆழியாற்றிலிருந்து சித்தூர் பகுதிப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழகம் வழங்க வேண்டும். அளவு குறைகிறது என்று கேரளமும், மழை இல்லை என்று தமிழகமும் ஆண்டுதோறும் வாதிடுவது உண்டு. எனினும், அந்த வாதத்தை நடத்த ஒப்பந்தமும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியமும் இருக்கின்றன. அதனால்தான் சண்டைக்கு நடுவிலும் தண்ணீர் எல்லையைக் கடந்து வருகிறது. அதே எல்லையைக் கடந்து கோயிலுக்குப் போய் வரும் மனிதர்களுக்கு ஓர் ஒப்பந்தமும் இல்லை, ஒரு வாரியமும் இல்லை.