ஸ்டெல்த் விமானம் மாயமல்ல, வெறும் வெப்பக் கணக்குத்தான்

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

2025 ஜூனில் ஈரான்-இஸ்ரேல் சண்டை நடந்த நாட்களில் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் எஃப் 35 விமானம், சுற்றிவர ஆட்கள். படத்தில் நின்ற மனிதர்களும் பக்கத்தில் நின்ற வாகனங்களும் ஒரே அளவில் இருந்தார்கள். விமானம் விழுந்த தடயம் மணலில் இல்லை. செயற்கை நுண்ணறிவில் செய்த படம் என்று செய்தி நிறுவனங்கள் காட்டிய பிறகும் அது நிற்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அந்தப் படம் உண்மை. மற்றக் கட்சிக்கு, "ஸேர், ஸ்டெல்த் எண்டா ஒருத்தருக்கும் தெரியாது, அத ஒண்டும் செய்ய ஏலாது."

எனது கருத்து, இரண்டு பக்கமும் ஒரே பிழை. இரண்டு பேரும் விமானத்தை மந்திரமாக நினைக்கிறார்கள். விளங்குவதற்கு வேண்டிய பாடம் விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. உதாரணமோ நமது ஊரிலேயே இருக்கிறது.

2007 ஏப்ரல் 29 அதிகாலையை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பார்படோஸில் அவுஸ்திரேலியாவுடன் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. கொழும்பே விழித்திருந்தது. திடீரென்று மின்சாரம் நின்றது, வானத்தை நோக்கிச் சூடு தொடங்கியது. விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கொலன்னாவை எண்ணெய்க் குதத்தையும் முத்துராஜவெல பக்கத்து எரிவாயு நிலையத்தையும் குறிவைத்துக் குண்டு போட்டன. பெரிய சேதம் இல்லை. குதத்தில் தீ பிடித்திருந்தால் சுற்றியிருந்த தோட்டங்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று யாரைத் தனியாகக் கணக்கெடுத்திருப்பார்கள்? அதனால் இதை எவருடைய வீரமாகவும் நான் சொல்லவில்லை. விஞ்ஞானத்துக்காக மட்டும் சொல்கிறேன்.

வந்தவை செக் நாட்டுத் தயாரிப்பான ஸ்லின் 143 ரகம். நான்கு பேர் அமரும், முன்னால் ஒரு காற்றாடி சுழலும் பயிற்சி விமானம். எஞ்சின் 235 குதிரைவலு அளவிலான சாதாரண பிஸ்டன் எஞ்சின். 2008 ஆரம்பத்தில் விமானப்படை இவற்றைத் துரத்துவதற்காகச் சீனாவின் எஃப் 7 ஜெட் விமானங்களை, வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணைகளோடு சேவையில் சேர்த்தது. ஆனாலும் அந்த ஏவுகணைகளுக்கு ஸ்லின் இலகுவில் பிடிபடவில்லை என்றும், அதன் எஞ்சின் வெளிவிடும் சூடு போதாததே காரணம் என்றும் அப்போது பரவலாக எழுதப்பட்டது. 2008 ஒக்டோபரில் நமக்குப் பக்கத்துக் களனிதிஸ்ஸ மின் நிலையத்துக்கும் குண்டு விழுந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் பலாலிப் பக்கம் விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்த்தப்பட்டு நூறு பேரளவில் இறந்தார்கள். அதுவும் தோளில் வைத்து ஏவும், வெப்பத்தைத் தேடும் ஏவுகணைதான். அவ்ரோவுக்கு இரண்டு டர்போபுரொப் எஞ்சின்கள். அவற்றின் புகைவாய் ஸ்லினுடையதை விடப் பல மடங்கு சூட்டை வெளிவிடும். சூட்டைத் தேடும் ஆயுதத்துக்கு முன்னால் பெரிய விமானம் மாட்டிக்கொள்கிறது, சின்ன விமானம் நழுவுகிறது.

ஏன்? சாதாரண தரத்தில் படிக்கும் கதிர்ப்புத்தான் விடை. சூடான எந்தப் பொருளும் செங்கீழ்க் கதிரை வெளிவிடும். அது வெப்பநிலையோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, கெல்வினில் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. கொழும்பின் 27 பாகை என்பது 300 கெல்வின். அதை 600 ஆக்கினால் கதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு. 900 ஆக்கினால் 81 மடங்கு. ஜெட் எஞ்சினின் பின்வாய், அதாவது நொசில், இந்த அளவுக்குச் சுடும். ஆஃப்டர்பர்னர் போட்டால் அதையும் தாண்டும். பழைய ஏவுகணைகள் பின்பக்கமாக வந்தே சுட வேண்டியிருந்ததும் இதனால்தான். அவற்றின் கண்ணுக்கு அந்தச் சுட்ட வாய் மட்டுமே தெரிந்தது.

ஸ்டெல்த் விமானம் செய்பவர்கள் அந்த வாயோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பிளேன்டீ சூடாக இருந்தால் நமது மூத்தவர்கள் பீரிசில் ஊற்றிக் குடிப்பார்கள். பரந்தால் ஆறும். எஃப் 117 விமானத்தின் நொசில் அதே யோசனைதான்: அகலமான, மெல்லிய பிளவு. தட்டையாக வரும் வாயுவின் ஓரம் நீளமாவதால் குளிர்ந்த காற்றோடு சீக்கிரம் கலந்துவிடும். பி 2 குண்டுவீச்சு விமானம் எஞ்சினை உள்ளே புதைத்து, வாயுவை இறக்கையின் மேல்பக்கமாக விடுகிறது. கீழே நிற்பவருக்குச் சுட்ட வாய் தெரியாது. இரண்டிலும் ஆஃப்டர்பர்னரே இல்லை.

ஆனால் எதுவும் சும்மா கிடைக்காது. அழுத்தத்தைத் தாங்க உருண்டை வடிவமே நல்லது. சமையல் எரிவாயு சிலிண்டரை ஏன் பெட்டி மாதிரிச் செய்வதில்லை என்று யோசியுங்கள். தட்டை நொசிலுக்குப் பாரம் கூடும், உந்துவிசையில் கொஞ்சம் இழப்பு வரும். எஃப் 22 அந்த விலையைக் கொடுத்துத் தட்டை நொசிலை வைத்துக்கொண்டது. பின்னால் வந்த எஃப் 35 உருண்டை நொசிலுக்கே திரும்பி, ராடார் அலையைச் சிதறடிக்க அதன் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வெட்டு வைத்தது. இன்று ஏவுகணைகளின் கண்ணும் கூர்மையாகிவிட்டது. நொசிலை மறைத்தாலும் வெளியேறும் வாயுவின் சூடும், வேகத்தில் உராய்ந்து சூடாகும் உடலும் மிச்சம் இருக்கும்.

ஆகவே ஸ்டெல்த் என்றால் மறைவது அல்ல, பிந்தித் தெரிவது. 1999 மார்ச் 27 அன்று சேர்பியாவில் ஒரு எஃப் 117 பழைய சோவியத் ஏவுகணையால் வீழ்ந்தது. அந்த ஏவுகணைக்கு வழிகாட்டியது ராடார், வெப்பமல்ல. ஒரு கண்ணுக்கு மறைத்தது இன்னொரு கண்ணுக்குத் தெரிந்தது. நமது வானத்திலும் அப்படித்தான். 2009 பெப்ரவரி 20 இரவு வெப்ப ஏவுகணைக்கு நழுவிய அதே ரக விமானங்களில் ஒன்று கட்டுநாயக்கவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. மற்றது கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது.

பெற்றோரிடம் எனது வேண்டுகோள் இதுதான். பிள்ளை போர் விமான வீடியோ பார்த்தால் போனைப் பறிக்க வேண்டாம். "அந்தப் பின்வாய் ஏன் தட்டை? எந்தக் கண்ணிலிருந்து மறைகிறது? அதற்கு எதை இழந்தது?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை பொய்ப் படத்தை அனுப்பாது. எந்த ஆயுதத்தையும் தெய்வமாக்கவும் மாட்டாது.

எண்ணெய்க் குதங்கள் இன்னும் நமது வீடுகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலே பறப்பது எவருடையது என்றாலும் கீழே இருப்பது நாம். குழுக்களில் கைதட்டுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்வோம்.

தெரிந்தவர்கள் கருத்துகளில் சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் இருக்கும் பிள்ளைகள் தாராளமாகக் கேட்கட்டும், நேரம் கிடைக்கும்போது பதில் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.