பட்டம் யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் நம் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கவனியுங்கள். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் எவ்வளவு கேட்கிறார்கள்? பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் இருக்காது. ஃப்யூஸ் போனால்கூட எலெக்ட்ரீஷியன் வரும்வரை பிள்ளையை அந்தப் பக்கம் விடாதவர்கள்தானே நாம்!

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. தமிழகச் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,000 பேருக்கு மேல் விண்ணப்பித்ததாக 2019இல் செய்தி வந்தது. அதில் எம்.பி.ஏ., எம்.டெக். படித்தவர்களும் உண்டு. செய்தியைப் படித்து உச்சுக்கொட்டினோம். பிறகு நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனோம், கல்லூரிக் கட்டணம் கட்ட.

ஜி.டி. நாயுடு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் நமக்குச் சலிப்பே கிடையாது. பள்ளியை விட்டவர், ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்தவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர். மீதிக் கதையை மட்டும் விழுங்கிவிடுவோம். இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது அவர் முயற்சியில் பிறந்ததுதான். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, விலகிக்கொண்டார்.

மென்பொருள் நிறுவனமான ஸோஹோ பல ஆண்டுகளாக பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, வேலையோடு வேலையாகக் கற்பிக்கிறது. ஜெர்மனியில் வங்கி வேலையைக்கூட வாரத்தில் சில நாள் வங்கியிலும் மீதி நாள் வகுப்பிலுமாகக் கற்கிறார்கள். நமக்கும் 1961லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் பயிற்சிக்கு எடுக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், அதை முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். வழி அடைபட்டுப் போவதில்லை.

டாக்டராக, வக்கீலாகப் பட்டம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் லேத் முன்னால் நிற்கும் பையனைப் பாருங்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சில பாகங்கள் பொருந்தாது. அங்கே அரியரும் கிடையாது, கருணை மதிப்பெண்ணும் கிடையாது. கெட்டுப்போன இரும்பை அவனே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

‘இது குலக்கல்வி இல்லையா?’ என்று ஒரு குரல் எழும். எழ வேண்டிய குரல்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்றது. காமராஜர் முதல்வரானதும் 1954இல் அது ஒழிந்தது, நல்லவேளை. குடும்பத்தின் முதல் பட்டத்துக்காகப் போராடுகிறவர்களிடம் போய், ‘பட்டம் எதற்கு’ என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் பேசுவது, வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இரண்டு பட்டம் மாட்டியிருக்கும் நம்மிடம். அப்பன் தொழிலைச் செய் என்றது அந்தத் திட்டம். அப்பன் படிப்பையே படி என்கிறோம் நாம். பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை. கைத்தொழில் நல்லது என்று மேடையில் பேசிவிட்டு, அதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒதுக்குவதும் நாமேதான்.

இந்த வருஷம் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை நிரப்பும் முன், ஒரு வேலை நாளில், அரசு ஐ.டி.ஐ.க்கோ அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றுக்கோ முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மகளானாலும் சரி. ஃபோர்மேனிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் எதிர் டீக்கடையில் உட்காருங்கள், உள்ளே போகாதீர்கள்.