எண்ணிச் சொல்பவர்கள் யாருக்குப் பதில் சொல்வார்கள்?

அரியானா மாநிலம் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகு என்றொரு கிராமம். 2022 நவம்பர் 2ஆம் தேதி அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. மொத்தம் ஆறு வாக்குச்சாவடிகள். விழுந்த வாக்குகள் நாலாயிரத்துக்கும் குறைவு. ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அரைமணி நேரத்தில் கூட்டி முடித்துவிடக்கூடிய கணக்கு. அந்தக் கணக்கைச் சரிசெய்ய இந்த நாட்டுக்கு முப்பத்துமூன்று மாதங்கள் பிடித்தன!

நடந்தது இதுதான். 69ஆம் எண் சாவடியில் ஒரு வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் இன்னொருவர் பெயருக்கு எதிரே ஏறிவிட்டன. தோற்றவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வென்றவர் நீதிமன்றப் படி ஏறினார். தேர்தல் தீர்ப்பாயம் 2025 ஏப்ரலில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு டில்லிக்குப் போயிற்று. உச்சநீதிமன்றம் ஆறு சாவடிகளின் இயந்திரங்களையும் தன் வளாகத்துக்கே வரவழைத்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி தன் பதிவாளரைக் கொண்டே எண்ண வைத்தது. முடிவு: தோற்றதாகச் சொல்லப்பட்டவருக்கு 1,051. வென்றதாகச் சொல்லப்பட்டவருக்கு 1,000. ஐந்தாண்டுப் பதவியில் பாதிக்கு மேல் கழிந்த பிறகு, மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்களுக்குக் கிடைத்தார்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்குள் இருந்தது சரியான எண். அதைக் காகிதத்தில் எழுதிய கையும், எழுதியதை வாய்விட்டு அறிவித்த அதிகாரமும்தான் தவறின. இன்று நாட்டில் தேர்தலைப் பற்றி நடக்கும் சண்டையெல்லாம் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே நடக்கிறது. இயந்திரத்துக்கு வெளியே, மேசைமேல், பேனாமுனையில் நடப்பதைப் பற்றிப் பேசுவார் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

பேனா செய்த வேலை

பேனாவின் வேலைக்கு சண்டிகரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 2024 ஜனவரி 30ஆம் தேதி அந்நகரின் மேயர் தேர்தல். வாக்களித்தவர்கள் முப்பத்தாறே பேர். தேர்தலை நடத்திய தலைமை அதிகாரி எட்டு வாக்குச் சீட்டுகள் செல்லாது என்றார். எட்டும் ஒரே வேட்பாளருக்கு விழுந்தவை. பன்னிரண்டு வாக்குப் பெற்றதாக அவர் தோற்கடிக்கப்பட்டார். பதினாறு பெற்றவர் மேயரானார். அந்த அதிகாரி சீட்டுகளின்மேல் தாமே பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்ததை மேலேயிருந்த காமிரா படம்பிடித்துவிட்டது. பிப்ரவரி 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்து நேரில் பார்த்தது. எட்டும் செல்லும் என்றது. தோற்றவரை வென்றவராக அறிவித்தது. அந்த அதிகாரிமேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

அன்று அந்தக் காமிரா இல்லாதிருந்தால்? முப்பத்தாறு பேர் போட்ட வாக்கையே, ஊரறிந்த கவுன்சிலர்கள் கண் முன்னாலேயே இப்படிச் செய்ய முடியுமென்றால், காமிராவின் கண் எட்டாத இடங்களில் பாமர மக்களின் வாக்குக்கு என்ன காவல்?

நாற்பத்தொன்பதும் நாற்பத்தெட்டும்

நம் தாயகத்துக்கு வருவோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அண்ணா தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு வழக்குத் தொடுத்தார். அவர் சொன்ன குறை எளியது. 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள். காரணம், உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராம். அவருக்கு அந்தத் தகுதி இல்லையாம். 2019 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், அவருக்குத் தகுதி உண்டு, எண்ணுங்கள் என்றது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோயிற்று. எண்ணப்பட்டது, எழுதப்பட்டது, உறையில் மூடப்பட்டது. ராதாபுரத்து மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த மக்களுக்குப் பதவிக்காலம் முழுவதும் சொல்லப்படவேயில்லை. இதற்கு எந்தக் கட்சிக்காரர் வருந்துகிறார், எவர் மகிழ்கிறார் என்பது நமக்குப் பொருட்டல்ல. வருந்த வேண்டியவர்கள் வாக்காளர்கள்.

நாம் பிழைக்க வந்த இந்த மும்பையில் 2024இல் நடந்ததையும் பாருங்கள். மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதி. இயந்திர வாக்குகளில் அமோல் கீர்த்திகர் 4,51,095, ரவீந்திர வாய்க்கர் 4,51,094. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்! தபால் வாக்குகளைச் சேர்த்தபோது வாய்க்கர் 48 வாக்கில் வென்றார். 111 தபால் வாக்குகள் செல்லாதவை எனத் தள்ளப்பட்டிருந்தன. எண்ணிக்கைக் கூடத்துக்குள் கைப்பேசி வைத்திருந்ததாகப் போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. தோற்றவரின் மனுவை 2024 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தத் தீர்ப்போடு நாம் மல்லுக்கட்டவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: வித்தியாசம் 48, தள்ளுபடி 111 என்னும்போது, அந்த 111இல் ஒவ்வொன்றும் ஏன் தள்ளப்பட்டது என்பதை ஜோகேஸ்வரியிலும் கோரேகாவிலும் வாக்களித்த சாதாரண மனிதன் எங்கே போய்ப் படிப்பான்?

ஏறும் கணக்கு, இறங்கும் கணக்கு

2024 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. அன்று மாலை அதிகாரிகள் சொன்னது 72.09 சதவீதம். பிறகு அது 69.46 ஆயிற்று. இறுதியில் 69.72 ஆயிற்று. அதே கட்டத்தில் நாடு முழுவதுக்குமான இறுதிச் சதவீதம் வெளிவர ஏப்ரல் 30 ஆயிற்று. பதினொரு நாள்! அப்போதும் சதவீதம்தான் வந்ததே தவிர, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண் வரவில்லை. வழக்கும் கூச்சலும் எழுந்து, மே 25ஆம் தேதிதான் தொகுதிவாரியான எண்ணிக்கையை ஆணையம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். மாலை ஐந்து மணிக்கு 58.22 சதவீதம், இறுதிக் கணக்கு 66.05.

இந்த ஏற்ற இறக்கம் எல்லாமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அரசியல் அல்ல, புரளி. மாலைக் கணக்கு, சாவடிகளிலிருந்து வாய்மொழியாகவும் கைப்பேசி மூலமாகவும் வரும் உத்தேசக் கணக்கு. ஐந்து மணிக்குப் பிறகும் மக்கள் வரிசையில் நிற்பார்கள். இதெல்லாம் உண்மையே. ஆனால் உத்தேசம் அல்லாத ஒரு கணக்கும் அதே இரவில், அதே சாவடியில், மையால் எழுதப்பட்டு இருக்கிறதே! அதை ஏன் மக்களுக்குக் காட்டக் கூடாது?

அதற்குப் பெயர் படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை வாக்குச்சாவடி அலுவலர் அதை நிரப்ப வேண்டும். இயந்திரத்தின் எண் என்ன, எத்தனை பேர் வாக்களித்தார்கள், இயந்திரம் எத்தனை காட்டுகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. அங்கே இருக்கும் ஒவ்வொரு கட்சி முகவருக்கும் அதன் நகலைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் கட்டளை. எண்ணும் நாளன்று அதே படிவத்தின் இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்குகள் எழுதப்படும். அவையெல்லாம் சேர்ந்து படிவம் 20 ஆகும். ஆக, ஒரு சாவடியில் விழுந்ததும் எண்ணப்பட்டதும் ஒன்றுதானா என்று பார்க்க ஏழாம் வகுப்புப் படித்தவன் போதும். இரண்டு காகிதம் அவன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த முதல் காகிதத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லி உச்சநீதிமன்றத்தில் கேட்டபோது, ஆணையம் சொன்ன பதில் என்ன? முகவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லையாம். வலைத்தளத்தில் போட்டால் யாராவது படத்தைத் திருத்திக் குழப்பம் உண்டாக்குவார்களாம். ரூபாய் நோட்டைக்கூடத்தான் கள்ளத்தனமாக அச்சடிக்கிறார்கள். அதற்காக ரிசர்வ் வங்கி நோட்டு அடிப்பதை நிறுத்திவிட்டதா? உண்மையான படிவம் எல்லோர் கையிலும் இருக்குமானால் போலிப் படிவம் ஒரு மணி நேரத்தில் பிடிபடும். உண்மை பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்போதுதான் போலிக்கு வாழ்வு.

விழுந்ததும் எண்ணப்பட்டதும் ஒவ்வாமல் போவதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ஒத்திகை வாக்கை அழிக்க மறந்துவிட்டாலோ, 17சியும் இயந்திரமும் ஒத்துப்போகாவிட்டாலோ அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள வாக்குகளைவிடப் பெரிதானால் அது எண்ணப்படாமலே போகும். 2024 மக்களவைத் தேர்தலில் 538 தொகுதிகளில் இரண்டு எண்ணும் ஒவ்வவில்லை என்று ஏ.டி.ஆர். அமைப்பு அறிக்கை வெளியிட்டது. இதில் எத்தனை ஒதுக்கப்பட்ட இயந்திரங்களால் வந்தது, எத்தனை கைப்பிழையால் வந்தது என்று சாவடி சாவடியாகச் சொல்லிவிட்டால் வாய்கள் அடைபட்டுப் போகும். சொல்லாமல் இருப்பதுதான் சந்தேகத்துக்கு உரம் போடுகிறது.

போக்கு எதிர்த்திசையில் இருப்பதுதான் கவலைக்குரியது. அரியானா தேர்தல் ஆவணங்களையும் காமிராப் பதிவுகளையும் கொடுக்கும்படி 2024 டிசம்பர் 9ஆம் தேதி பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொன்றாம் நாள், டிசம்பர் 20ஆம் தேதி, விதி 93 திருத்தப்பட்டு மின்னணுப் பதிவுகள் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. 2025 மே மாதம், வழக்கு இல்லையென்றால் 45 நாளில் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் உத்தரவிட்டது. சண்டிகரில் உண்மையைச் சொன்ன காமிராவுக்கு இப்படி ஒரு மரியாதை!

நம்முடைய பங்கு

குற்றத்தை எல்லாம் கீழ்மட்ட அலுவலர்மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. இதை எழுதுபவன் ஒருமுறை இந்நகரின் ஒரு சாவடியில் முகவராக உட்கார்ந்தவன். மாலை ஐந்து மணிக்கே, எண் எதுவும் எழுதாத படிவத்தை நீட்டி, “இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது” என்றார் தலைமை அலுவலர். கெட்டவர் அல்ல. பள்ளி ஆசிரியர். முந்திய நாள் காலையிலிருந்து உறங்காதவர். மறுநாள் வகுப்புக்கும் போக வேண்டியவர். படிவம் மராத்தியில் இருந்தது. எனக்குப் பேச வருமே தவிரப் படிக்க வராது. கையெழுத்துப் போட்டேன். நகலும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மற்றக் கட்சி முகவர்களும் அப்படியே. அன்று அந்தப் படிவத்தில் பிறகு என்ன எழுதப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தவறாகத்தான் எழுதியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். சரியாகத்தான் எழுதினார் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது. நம் தேர்தல் முறையின் பலவீனம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது.

தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் மலாடிலும் கட்சிகளுக்கு முகவர் வேலை பார்ப்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒருநாள் சோற்றுப் பொட்டலத்துக்கும் கைச்செலவுக்கும் உட்கார்ந்துவிட்டு, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். குடிசையை இடிக்க வருகிறவன் நீட்டும் காகிதத்தில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவோமா? இடிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் மன்றத்துக்கு யார் போவது என்பதைத்தானே இந்தக் காகிதம் சொல்கிறது! வேற்று மொழி பேசும் ஊரில், எண்ணிக்கை குறைந்த நமக்கு, ஒரு வார்டில் நாற்பது ஐம்பது வாக்குதான் வாழ்வும் தாழ்வும். பெரும்பான்மைக்கு எண்ணிக்கைப் பிழை ஒரு செய்தி. நமக்கு அது இழப்பு.

“குறையிருந்தால் தேர்தல் வழக்குப் போடலாமே” என்பார்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும். ஆறு மாதத்தில் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. ராதாபுரத்துக்கு ஐந்து ஆண்டும் போதவில்லை. பணமும் வக்கீலும் உள்ள கட்சிக்காரர் கதியே இதுவென்றால், சுயேச்சையாக நிற்கும் நம் குடிசைவாசி என்ன செய்வான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இன்னொன்றும் கேளுங்கள். தேர்தல் கடமையில் தவறும் அதிகாரிக்கு அதே சட்டத்தின் 134ஆம் பிரிவு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு ஐநூறு ரூபாய். டிக்கெட் இல்லாமல் லோக்கல் ரயில் ஏறியவன் படும் அவமானம்கூட இதில் கிடையாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று, படிவம் 17சியை வாக்குப்பதிவு முடிந்த இரவே சாவடி வாசலில் ஒட்ட வேண்டும். மறுநாளுக்குள் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே முறை வேண்டும்.

இரண்டு, எண்ணிக்கை இல்லாத வெறும் சதவீதத்தை எந்த அதிகாரியும் அறிவிக்கக் கூடாது.

மூன்று, தள்ளப்பட்ட ஒவ்வொரு வாக்குக்கும், ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எழுத்து மூலமான காரணம் வெளியிடப்பட வேண்டும்.

நான்கு, எண்ணிக்கைக் கூடத்தின் படப்பதிவு அந்தப் பதவிக்காலம் முடியும்வரை காக்கப்பட வேண்டும்.

ஐந்து, படிவங்கள் அந்தப் பகுதி மக்கள் பேசும் மொழியிலும் இருக்க வேண்டும்.

இவற்றை அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகல் பெறும் உரிமை இன்றே நம் முகவர்களுக்கு இருக்கிறது. எந்தக் கட்சிக்கு உட்கார்ந்தாலும் சரி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வாங்காமல் சாவடியை விட்டு எழுந்திருக்காதீர்கள். வாங்கியதைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படிவம் 20 வெளிவந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் மகிழ்ச்சியோடு அதையும் இவ்விதழில் அச்சிடுவோம். ஒத்துப்போகாவிட்டால், கேள்வி கேட்க நம் கையில் காகிதம் இருக்கும்.