வீடு திரும்பிய முதல் வாரம்

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை, கால்கள் இரண்டும் வீங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். ஆக்சிஜன் வைக்கப்படுகிறது. லேசிக்ஸ் ஊசி போடப்படுகிறது. நுரையீரலில் கோத்திருந்த நீர் சிறுநீராக இறங்குகிறது. மூன்றாம் நாள் அவர் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குடும்பம் ஆட்டோ ஏறுகிறது. ஆபத்து விலகிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது.

அந்தக் கணக்கை எடுத்தவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இவரைப் போல இதயச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 1,205 பேரை, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் டாக்டர் எஸ். ஹரிகிருஷ்ணன் தலைமையிலான குழு பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.5 சதவீதம். ஓராண்டு முடிவில் இறப்பு 30.8 சதவீதத்தை எட்டியது. அதாவது, உள்ளே இறந்த ஒவ்வொருவருக்கும் ஈடாக, வெளியே போன பிறகு அதே ஆண்டில் இரண்டு பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்தாண்டில் 59 சதவீதத்தினர் இல்லை. புற்றுநோய் என்று சொன்னால் நடுங்கும் குடும்பங்கள், பல புற்றுநோய்களைவிடக் கொடிய இந்த நோயை ‘பம்பிங் கொஞ்சம் கம்மி’ என்ற மூன்று சொற்களோடு வீட்டுக்குக் கொண்டுபோகின்றன.

இவர்கள் தள்ளாத வயதினர் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் இதே நோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொகுத்த பெரிய பதிவேடு ஒன்றில் சராசரி வயது 72. திருவனந்தபுரத்தில் 61. அந்த 11 ஆண்டு வித்தியாசத்துக்குள் ஒரு மகளின் கல்யாணம் இருக்கிறது, கட்டி முடிக்காத வீட்டுக் கடன் இருக்கிறது. நோயாளிகளில் 72 சதவீதத்தினருக்கு மூலகாரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. தமிழ்நாடு அரசு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கத் தொடங்கியது. மனமாரப் பாராட்டத்தக்க முடிவு அது. ஆனால் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் தழும்பேறிய, பலவீனமான இதயத்தோடுதான் வாழப் போகிறார்கள். ஒருமுறை காப்பாற்றிய உயிரை அடுத்த கட்டத்தில் கைவிடுவது எப்படி நியாயமாகும்?

கைவிடுகிறோம் என்பதற்குச் சாட்சி, அதே கேரளப் பதிவேட்டில் இருக்கிறது. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மட்டுமே, டிஸ்சார்ஜ் ஆகும்போது நெறிமுறைப்படியான மாத்திரைகள் எழுதப்பட்டிருந்தன. பின்னர் நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தப்பட்ட தேசியப் பதிவேட்டிலும், இந்த எண்ணிக்கை பாதியைத் தாண்டவில்லை. 90 நாளில் 14.2 சதவீதத்தினர் இறந்தனர். நெறிமுறை சொல்லும் எனாலப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் நேற்று வந்த மருந்துகள் அல்ல, விலையும் அதிகமில்லை. டபாக்லிஃப்ளோசின் காப்புரிமை 2020இல் முடிந்த பிறகு அதன் விலையும் இறங்கிவிட்டது. ஆகவே, பணமில்லாததால் இவை எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது.

மாத்திரையை எழுதினால் மட்டும் போதாது, அளவை வேகமாக ஏற்றவும் வேண்டும். 14 நாடுகளில் 1,078 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2022இல் வெளியான ‘ஸ்ட்ராங்-எச்எஃப்’ ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவினரை டிஸ்சார்ஜுக்குப் பின் 1, 2, 3, 6ஆம் வாரங்களில் வரவழைத்து, ரத்தப் பரிசோதனை செய்து, பழைய மாத்திரைகளையே இரண்டே வாரத்தில் முழு அளவுக்கு உயர்த்தினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் மரணம் அல்லது மறுசேர்க்கை வழக்கமான பிரிவில் 23.3 சதவீதம், கவனிக்கப்பட்ட பிரிவில் 15.2. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லாமல், கூப்பிட்டுப் பார்த்ததிலேயே கிடைத்த பலன் இது.

நம் மருத்துவர்களின் தயக்கமும் நமக்குத் தெரியும். ரத்த அழுத்தம் இறங்கிவிடுமோ, கிரியேட்டினின் ஏறுமோ, பொட்டாசியம் கூடுமோ என்ற அச்சம் நியாயமானது. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் இதைத் தனி மருத்துவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறோம். முதல் மறுபரிசோதனை ஏழு நாளுக்குள், எந்தத் தேதியில், எந்த அறையில் என்று எழுதிக் கொடுக்காமல் எந்த இதயச் செயலிழப்பு நோயாளியையும் வெளியே அனுப்பக் கூடாது. அன்றைய ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாக இருக்க வேண்டும். அரசு இதை விதியாக்கட்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் டிஸ்சார்ஜுக்குப் பிந்திய செலவை 15 நாள் வரைதான் ஏற்கிறது. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு 15 நாள் கணக்கு பொருந்தாது.

இன்னொன்று, எங்களை மிகவும் வருத்துவது. குறைந்த கல்வி பெற்றவர்களிடையே 90 நாள் மரணம் கூடுதலாக இருந்தது என்று கேரள ஆய்வே சொல்கிறது. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலத்திலேயே அந்த நிலை. இங்கே நோயாளியின் கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவரை, மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கி மறுபடி நீர் கோத்துக்கொள்கிறவரை, கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காதவரை, ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று கடிந்துகொள்வது எளிது. அவருக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்? பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாள், தமிழில் போதும்: காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர், உடனே வாருங்கள், எங்களைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.

எடை மெஷின் இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள். தெருவும் வீடும் அவர்களுக்கு அத்துப்படி. டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பட்டியல் மறுநாளே அவர்கள் கைக்கு வரட்டும். ஒரு எடை மெஷினும் அவர்கள் பையில் இருக்கட்டும்.

இவை நடக்கின்றனவா என்று அறிய ஓர் எண் வேண்டும். பேறுகால மரணம் ஒவ்வொன்றையும், ஏன் நேர்ந்தது என்று உட்கார்ந்து தணிக்கை செய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. அதே போல், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்றுப் போனவர்களில் 90 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசுக் காப்பீட்டில் பணம் பெறும் தனியார் மருத்துவமனைகளுக்கும் இதில் விலக்குக் கூடாது.